ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

எனக்குக் கிட்னி நோய் இல்லை. அதனால்தான் என்னைப் பிடித்தார்கள். நோய் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியும் மாத்திரையுமாகக் காலம் போயிருக்கும். இல்லாமல் போனதால் வந்த தொல்லையைத்தான் எழுதுகிறேன்.

நோய் வந்தது பக்கத்து வீட்டு மதினிக்கு. சொந்த மதினி இல்லை, தெருமுறைக்கு மதினி. ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகிற ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு முறை இருக்கும். அவளும் நானும் ஒரே ஆனி மாதத்தில் கல்யாணமாகி வந்து இறங்கியவர்கள். மதினி என்று கூப்பிட்டாலும் வா, போ என்றுதான் பேச்சு. பருத்திக் காட்டு வேலைக்கு ஒன்றாகப் போனோம், ஒன்றாகத் திரும்பினோம். என் வாயும் அவளிடம்தான் இருந்தது. ரேஷன் கடையானாலும் பேங்கானாலும் எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "இவளுக்கும் அதேதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். நான் பின்னால் நின்றுகொள்வேன். அஞ்சாம் வகுப்பு வரை படித்ததில் எழுத வந்தது, வாசிக்க வந்தது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மட்டும் இந்த வயது வரை வரவில்லை.

மதினிக்கு முதலில் கால் வீங்கியது. வயசானால் வீங்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு முகம் வீங்கியது, சோறு பிடிக்கவில்லை. ரத்தம் பார்த்தபோது இரண்டு கிட்னியும் பழுது என்றார்கள். அதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் பண்ணி வருகிறாள். மகன் பட்டாளத்தில் இருக்கிறான், மருமகள் மில் வேலைக்குப் போகிறவள். அதனால் பஸ்ஸில் கூடப் போவது பெரும்பாலும் நான்தான்.

ஊசிக்கு அவள் பயப்படவில்லை. சாவுக்கும் பயந்த மாதிரித் தெரியவில்லை. அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: தனக்கு ஏன் வந்தது? சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. வார்டில் யார் வெள்ளைக் கோட்டுப் போட்டு வந்தாலும் கேட்பாள். ஒருவர் வெயில் என்பார், ஒருவர் உப்பு என்பார், இன்னொருவர் முட்டிவலி மாத்திரை என்பார். அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் என்னிடம் எண்ணி எண்ணிச் சொல்வாள். "நான் தின்ன உப்பைத்தானே நீயும் தின்னே. எனக்குப் பட்ட வெயிலுதானே உனக்கும் பட்டுச்சு. பொறவு எனக்கு மட்டும் ஏன்?" மருமகள் ஒருநாள் விதி என்று சொல்லிவிட்டாள். "விதிக்கு அடுத்த வீட்டு வாசல் தெரியாதாக்கும்" என்று மதினி அவளை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அடுத்த வீடு என்றால் என் வீடு. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கோபத்தில் சொல்வதுதானே என்று விட்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கழுத்தில் அட்டை, தோளில் பை, பின்னால் கட்டின ஐஸ் பெட்டி. பெண் கோயம்புத்தூர்ப் பக்கம். பையன் ராஜபாளையத்துக்காரன்தான்; வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டு பேரும் டாக்டருக்குப் படித்துவிட்டு, அதற்கு மேலும் ஏதோ படித்துவிட்டு, கிருஷ்ணன்கோவிலில் தனித்தனியாக ரூம் எடுத்துத் தங்கி ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மிஷினுக்கு வருகிறவர்களின் வீடுகளைத் தேடி வந்ததில் மதினி வீடும் ஒன்று.

மதினி அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்தாள். ஊசி போடுவாயா என்றாள். இல்லீங்கம்மா என்றது. மாத்திரை தருவாயா என்றாள். அதுவும் இல்லையாம்.

"பொறவு என்னத்துக்குத்தா டாக்டருக்குப் படிச்சே?"

"ஒரு ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறது எங்க வேலை இல்லீங்கம்மா. இந்த நோய் ஏன் இந்தப் பக்கம் இத்தனை பேருக்கு வருதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

மதினி எழுந்து போய், மகன் லீவில் வரும்போது மட்டும் உட்காருகிற நாற்காலியை எடுத்து வந்து போட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்க வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. நோய் உள்ளவர் ஒருவர் என்றால், அதே தெருவில் அதே வயதில் நோய் இல்லாதவர் ஒருவரும் வேண்டுமாம். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால் காரணம் பிடிபடுமாம். அந்த ஆளை இவர்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாதாம். அதற்காக அந்தப் பையன் மதினி வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்துச் சுற்றிவிட்டான். மூடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் போய் வீடு வீடாகக் கேட்க வேண்டுமாம். தெருவே கூடிவிட்டது. எம்புட்டுப் படிச்சு என்ன, பாட்டில் உருட்டி விளையாடுதுக பாரு என்று சிரித்தார்கள். பாட்டில் என் வீட்டுப் பக்கம் நின்றது. "ஏட்டி, ஓடாதே, உன்னையத்தான் கேக்கு" என்று மதினியே என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

அங்கேயே கையில் ரத்தம் எடுத்தான். சில நாள் கழித்து வந்து, எனக்கு ஒன்றும் இல்லை, நல்லபடியாக இருக்கிறது என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னது. மதினியின் வாசலில் நின்று, மதினி கேட்கும்படி சொன்னது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஒருத்தி மிஷினில் கிடந்துவிட்டு வந்து படுத்திருக்கும்போது, அடுத்த வீட்டுக்காரியின் உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது என்று இப்படியா சொல்வது? மதினி என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். "நல்லா இரு" என்றாள். அந்த "நல்லா இரு"வை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

கேள்வி கேட்கிற நாள் வந்தது. அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். நோயாளியிடம் கேட்டவரே மற்ற ஆளிடமும் கேட்கக் கூடாது. ஒரே ஆள் கேட்டால், வித்தியாசம் கண்டுபிடிக்கிற ஆசையில் தன்னை அறியாமல் கேள்வியை ஒரு பக்கம் சாய்த்துவிடுவாராம். அதனால் எல்லா ஊரிலும் நோயாளிகளிடம் அந்தப் பெண் கேட்கும், என்னைப் போல ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த ஆட்களிடம் பையன் கேட்பான். பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது. நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். ஆனால் பேத்தி வயதுப் பெண் மதினி வீட்டுக்கும், பேரன் வயதுப் பையன் என் வீட்டுக்குமாகப் போனார்கள். அதில் என்ன வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்காருங்க ஆச்சி என்று கெஞ்சினான். நிற்கிறேன் என்றுகூட எனக்குச் சொல்ல வரவில்லை. எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள் என்றான். மதினி குடித்த தண்ணீர்தான் என்றேன். மருந்து அடித்த காட்டில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்றான். மதினி பார்த்த காட்டில்தான் என்றேன். வெற்றிலை, புகையிலை, காப்பி, முட்டிவலி மாத்திரை, எதைக் கேட்டாலும் எனக்கு அந்த ஒரு பதில்தான் வந்தது. வேறு எப்படிச் சொல்ல? அதுதானே உண்மை.

"ஆச்சி, அவங்களை விடுங்க. உங்களுக்கு எப்படின்னு சொல்லுங்க. அவங்க பேரை நீங்க சொல்லவே கூடாது" என்றான். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. பாவம், மின்விசிறியைப் போட வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மதினியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே அந்தப் பெண்ணின் சிரிப்பு.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அவன் அதுவரை என் முகத்தைப் பார்த்துக் கேட்டவன், கையில் இருந்த டேப்லெட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாத காரணத்தால் சிறுநீரை அடக்கி வைக்கும் பழக்கம் இருந்ததா என்று மூச்சு விடாமல் வாசித்தான். அவன் வாசித்து முடிப்பதற்குள் நான் இல்லை என்றுவிட்டேன். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தது உண்டா? இல்லை. டேப்லெட்டில் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அடுத்த கேள்வி உப்புக் கருவாட்டைப் பற்றி. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

உண்மை என்னவென்று எங்கள் பக்கத்தில் காட்டு வேலைக்குப் போன பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்திச் செடி இடுப்புக்குக்கூட வராது. பம்புசெட் ரூம் பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒதுங்குவதற்கு ஒரு புதர் கிடையாது. காலையில் புறப்படும்போதே ஒரு வாய்க்கு மேல் குடிக்க மாட்டோம். உச்சி வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாயைக் கொப்பளித்துத் துப்புவோமே தவிர விழுங்க மாட்டோம். பொழுது சாய்ந்து இருட்டின பிறகுதான் எல்லாம். அடிவயிறு கடுக்கும், காய்ச்சல் வரும், சொல்லிக்கொள்ள முடியாது. மதினி அப்படி, நான் அப்படி, எங்களோடு வந்த அத்தனை பேரும் அப்படித்தான். அதை என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு ஆண்பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வேன்? என் புருஷனிடமே சொன்னதில்லை. கேட்டவனுக்கே நாக்குக் குழறுகிறதே, சொல்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

மழைக்கு முன்னால் ஒருநாள் அந்தப் பெண் மட்டும் வந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். இதுதான் அது தன் பொறுப்பில் செய்கிற முதல் ஆராய்ச்சியாம். மேலே இருக்கிற சாரிடம் ஒன்றும் பிடிபடவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை என்று சொல்லிச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது ஒன்று பிடிபட்டிருக்கிறதாம். மதினியிடம் சொல்லாமல் இருக்க அதற்கு முடியவில்லை. இன்னும் உறுதியாகவில்லை, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னது. நோய் வந்த பெண்கள் எல்லாரும் வேலைக்காட்டில் தண்ணீர் குடிக்காமல் அடக்கி வைத்தவர்களாம். வராத பெண்கள் அப்படி இல்லையாம்.

அன்று விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மதினி ஒருத்தியை விடவில்லை. மில் வண்டிக்கு நிற்கிற பிள்ளைகளிடம் போய் நின்றுகொள்வாள். "பாட்டில்ல தண்ணி இருக்காட்டி? குடிக்கியா, சும்மா தூக்கிட்டுப் போறியா? அடக்காதீங்கட்டி, என்னைப் பாருங்க, அடக்கித்தான் இந்தக் கோலம்" என்பாள். நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தின் சொந்தக்காரர் வீட்டுக்கே போய், பம்புசெட் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு மறைப்புக் கட்டச் சொன்னாள். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அதற்கும் அவள் அசரவில்லை. மிஷினுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து நான் பார்க்காத தெம்பு அவள் நடையில் வந்திருந்தது. வியாதி அப்படியே இருந்தது. ஆனால் காரணம் கிடைத்துவிட்டது.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் சொன்ன "இல்லை" எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மதினிக்கும் புரியாமல் இல்லை. அவள் கெட்டிக்காரி. அடுத்த மிஷின் நாளில் பஸ் ராஜபாளையம் தாண்டியதும், காலேஜ் பிள்ளைகள் இறங்கிக் கொஞ்சம் சத்தம் அடங்கியதும், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, அந்தப் பையன்கிட்ட நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல. இல்லன்னேன்."

"நான் அடக்குனப்போ நீ எந்த மாளிகைக்குப் போய் ஒதுங்கிட்டு வந்தே?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாய் வரவில்லை மதினி என்றேன். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாமா, நீயே சொல்லிவிடு என்றேன்.

"விடு. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே இருந்திருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறக்க எனக்குத் தெரியாது. ஆனால் அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

மிஷினில் கிடக்கிறவர்களுக்குத் தண்ணீர் விஷம். ஒரு நாளைக்கு ஒரு சொம்பு, அதற்குள் காப்பி, ரசம் எல்லாம் அடக்கம். குடித்தால் வெளியே போக வழி கிடையாது. காலில் தேங்கும், நெஞ்சில் தேங்கும். வார்டு சிஸ்டர் வாரா வாரம் சொல்கிற பாடம் அது. மதினி அதைக் கேட்டு ஒழுங்காகத்தான் இருந்தாள். காரணம் தெரிந்த பிறகு அவள் கணக்கு மாறிவிட்டது. குடிக்காமல் கெட்டதைக் குடித்தால் திருப்பலாம் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். மருமகள் குடத்தைப் பூட்டி வைக்காத குறை. அப்போது அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் அடுப்படிக்குள் புகுந்து, என் குடத்தில், என் சொம்பில் மொண்டு குடித்தாள். நான் சொம்பைப் பிடுங்கப் போனேன்.

"கையை எடு. நீ குடிச்சதாத்தானே எழுதியிருக்கு. குடிச்சதுனாலதானே இப்படி இருக்கே" என்றாள்.

எத்தனை நாள் பிடுங்க முடியும்? குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். மாடியில் டேங்க் குழாயைத் திறந்து குடித்தாள். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷினில் ஏறினால் சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். இவ்வளவு தண்ணியை எப்படி அக்கா ஒரே தடவையில் எடுக்க என்பார். மதினி வாயே திறக்க மாட்டாள். பேச வேண்டிய இடத்தில் இப்போது அவள் பேசாமல் இருந்தாள். ஒருநாள் காலையில் மூச்சு வாங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் உடனே மிஷினில் போட்டதால் பிழைத்தாள்.

அவள் வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். இவர்களுக்குக் கொடுத்த காலம் முடிகிறதாம். பெண் சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் வாசிக்கப் போகிறதாம். அதற்காகப் புதுச் சேலை எடுத்திருப்பதாகக்கூடச் சொன்னது. பிறகுதான் மதினியின் காலைப் பார்த்தது. தலையணை மாதிரி இருந்தது. மருமகள் எல்லாவற்றையும் கொட்டினாள். நீ சொல்லிவிட்டுப் போனாய், இவிய குடிச்சே சாகப் பார்க்காவ என்றாள்.

அந்தப் பெண் பதறிவிட்டது. நான் சொன்னது அந்தக் காலத்தைப் பற்றி, இப்போது குடிக்கவே கூடாது என்று மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது.

"அந்தக் காலத்துல குடிக்காததுதானே காரணம்?" என்றாள் மதினி.

"அப்படித்தாங்க தெரியுது. ஆனா இப்போ…"

"காரணம் அதுதானே. அதைச் சொல்லு."

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். பையன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். இந்தப் பெண் இன்னும் ஒருமுறை ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டால், இவள் நாளைக்கே மறுபடியும் குழாயைத் திறப்பாள்.

"நானும்தான் குடிக்கல" என்றேன்.

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பினார்கள். எனக்கே அது வேறு யாரோ பேசின மாதிரிதான் இருந்தது.

"நானும்தான் அடக்குனேன். இவளும் நானும் ஒரே காட்டுலதான நின்னோம். இவளுக்கு வந்ததுக்கு அது காரணம்னா எனக்கும் வந்திருக்கணும்லா. அந்தத் தம்பிகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. இல்லன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகத் திரும்பிப் பையனைப் பார்த்தது. மற்ற ஊர்களில் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டது. அவன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லா ஆச்சிமாரும் இல்லன்னுதான் சொன்னாங்க. நானும் அந்தக் கேள்வியை வேகமாத்தான் கேட்டேன்" என்றான்.

"அப்போ என்கிட்ட ஒருத்தர் விடாம ஆமான்னு சொன்னாங்களே…" என்று அந்தப் பெண் ஆரம்பித்து, முடிக்கவில்லை. நோயாளிகள் எல்லாரும் அந்தப் பெண்ணிடம் சொன்னவர்கள். நோய் இல்லாதவர்கள் எல்லாரும் அவனிடம் சொன்னவர்கள். ஊர் ஊராக அலைந்து அவர்கள் கண்டுபிடித்த வித்தியாசம், யாரிடம் சொன்னோம் என்பதில் இருந்தது. எனக்குப் புரிந்ததைவிட வேகமாக அந்தப் பெண்ணுக்கு இது புரிந்திருக்கும்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனது. கரண்ட் கம்பத்துக்கும் வாய்க்காலுக்குமாக நடந்தது. சார், சார் என்பது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. மறுபடியும் எல்லா வீட்டுக்கும் பெண்களை அனுப்பிக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. காலம் முடிந்துவிட்டது, பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. பையன் வண்டியின் மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கூச்சப்படுகிறவனை அந்தக் கேள்வியோடு அனுப்பியது யார்? கூச்சப்படுகிறவளிடம் அனுப்பியது யார்? பாட்டிலைச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வீடு ஆளை மாற்றி, இத்தனை ஜாக்கிரதை பண்ணினார்களே!

பெண் உள்ளே வந்தது. கண் சிவந்திருந்தது. நீங்கள் சொன்னது ரொம்ப நல்லது என்று என்னிடம் சொன்னது. நல்லது நடந்த முகமாக அது இல்லை.

மதினி தலையணையைச் சரித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ எனக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியலீங்கம்மா."

"தெரியலைன்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் படிச்சே?"

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டது. தண்ணீர் மட்டும் குடிக்காதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தது. வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரை மதினி காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆயுசு பூரா வாயை மூடிக்கிட்டுத்தானே ஏட்டி இருந்தே. செத்த நேரம் மூடிக்கிட்டு இருக்க உனக்கு என்ன?"

வீட்டுக்கு வந்து கவிழ்த்து வைத்திருந்த குடத்தை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தேன். கோபத்தில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டதில், நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் மேலும்தான், மதினி மேலும்தான். பேசாமல் இருந்தபோது ஒரு கேடு, பேசியபோது ஒரு கேடு. எது சரி என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்தப் பெண் பிறகு ஒருமுறை போன் செய்தது. சென்னையில் வாசிக்கப் போகவில்லையாம். மறுபடி கேட்க அனுமதி வரவில்லையாம். வந்தால் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன் என்றது. சரி என்றேன். இதுவரை வரவில்லை.

மதினி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டாள் என்று மருமகள்தான் சொன்னாள். அடுத்த மிஷின் நாளுக்கு மருமகள் மில்லில் லீவு போட்டுக் கூடப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்றாவது தடவைக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்க போங்கத்தை என்று என்னிடம் வந்து நின்றாள். போனேன். பஸ்ஸில் மதினி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறவரை அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

எடை பார்த்தார்கள். சிஸ்டர் பரவாயில்லையே என்றார். கையில் ஊசி ஏற்றி, மிஷினை ஓடவிட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். குழாயில் அவள் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"கல்யாணத்துக்கு முந்தி உங்க ஊர்ல நீ என்ன தண்ணி குடிச்சே?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

இத்தனை வருஷத்தில் அவள் என் பிறந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"கம்மாய்த் தண்ணி" என்றேன்.

"கெணறு கெடையாதா?"

"கெணறு உப்பு. குடிக்கக் கம்மாய்தான். சித்திரையில வத்திப்போனா ஊத்துத் தோண்டி எடுப்போம்."

அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். யோசித்தாள். முகம் சுளித்தது.

"எங்க ஊர்லயும் கம்மாய்தான். ஊத்துத்தான்" என்றாள்.

அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மிஷின் ஒருமுறை கத்தியது. சிஸ்டர் வந்து எதையோ அழுத்திவிட்டுப் போனார். மதினி ஊசி ஏறாத கையால் என் முழங்கையைத் தட்டினாள்.

"கம்மாய்ல எந்தக் கரையில மொள்ளுவிய? மாடு குளிப்பாட்டுற பக்கமா, இந்தப் பக்கமா? ஞாபகப்படுத்திச் சொல்லு."